சின்னப் பாறையைச் சுற்றும் பாதை

போன மாதம் ஒரு பிற்பகல் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பாலைவனத்துச் சிவப்புப் பாறைகளுக்கு நடுவே நாங்கள் எழுபதுகளில் போட்ட நடைபாதைகளை இப்போது பராமரிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். ஜெஸ் என்று பெயர் சொன்னாள். நான் ஓய்வு பெற்றபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். மரியாதையாகத்தான் பேசினாள். பெரிய பாறையின் மேற்குப் பக்கமாகப் போகும் இலகுவான பாதை முடிகிற இடத்தில், அது ஒரு சின்னப் பாறையை ஒரு தரம் சுற்றிவிட்டுத் திரும்புகிறதாம். அந்தச் சின்னப் பாறையில் பார்க்க ஒன்றும் இல்லையாம், ஒதுங்க நிழலும் இல்லையாம். இப்போது எல்லாப் பாதைகளையும் கணினியில் போட்டுச் சீர்திருத்துகிறார்கள். அந்தச் சுற்றை வெட்டிவிட்டால் நடக்கிறவர்களுக்கு வீண் அலைச்சல் மிச்சம். பழைய வரைபடத்தில் என் பெயர் இருந்ததால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று எடுத்தாளாம்.

எனக்கு முதலில் வாயில் வந்தது தமிழ். “அதைத் தொடாதையுங்கோ” என்றுவிட்டேன். பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற காரியம் இல்லை என்றேன். அப்படியானால் எழுதித் தாருங்கள் என்றாள். அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் ஒரு சின்ன உத்தியோகத்தில் இருந்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னிக்கு வந்தவன். இங்கே ஒரு வரைபட அறையில் இரண்டு வருடம் பென்சில் சீவினேன் என்று சொன்னால் அது பெரிய பொய் இல்லை. பாலைவனத்துக்குப் போய்ப் பாதை போட ஆள் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டபோது, மற்றவர்கள் எல்லோரும் தங்கள் மேசையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். அப்போது நான் தனி ஆள். வாடகை அறையில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பேச ஆளில்லாமல் கிடப்பதைவிட எங்கே போனாலும் பரவாயில்லை என்றிருந்தது. “உனக்கென்ன, நீ வெயிலுக்குப் பழகினவன்” என்று அலுவலகத்தில் முதுகில் தட்டி அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் உச்சிவெயிலுக்கு நாங்கள் வீட்டுக்குள் படுத்துக் கிடப்போம் என்று அவர்களுக்கு நான் சொல்லவில்லை.

அங்கே எனக்கு மேலதிகாரி லெஸ். ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம், ஒரு முழங்கால் சரியில்லை. நாதன் என்ற என் பெயரைக் கடைசிவரை நேதன் என்றே கூப்பிட்டார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. போட்ட பாதையில் ஒரு துண்டு பிடிக்கவில்லை என்றால், அந்த இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்துவிடுவார். ஒன்றும் சொல்லமாட்டார். என்ன பிழை என்று நாங்களேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் எழும்பி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு நடப்பார். வந்த புதிதில் இவருக்கு ஏதோ உடம்பு வருத்தமாக்கும் என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டு ஓடியிருக்கிறேன்.

கடினமான பாதை போடுவது அவருக்குப் பெரிய காரியமாகவே தெரியவில்லை. இலகுவான பாதைதான் அவரை வாட்டும். ஒரு நாள் பலகையில் ‘இலகு’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது என்னை நிறுத்திச் சொன்னார்: “கடினம் என்று எழுதினால் வருகிறவன் தன் கவனத்தோடு வருவான். இலகு என்று எழுதினால் கவனத்தை நம்மிடம் தந்துவிட்டு வருவான். அதை வாங்கி வைத்துக்கொள்ள உனக்குத் தைரியம் இருந்தால் எழுது.” நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பாதையை இன்னொரு தரம் நடந்துவிட்டு வந்துதான் எழுதினேன்.

இலகுவா இல்லையா என்று அவர் சோதிக்கிற விதமே வேறு. சரிவு பார்க்கும் கருவி எங்களிடம் இருந்தது, அளந்தோம். ஆனால் அளவு சரி என்றதும் அவர் திருப்திப்படமாட்டார். முகாமில் சமையல் செய்கிற பருத்த மனிதரையோ, வழியில் பெற்றோல் அடிக்க நின்ற யாராவது வயதானவர்களையோ கூட்டிக்கொண்டு வந்து நடக்கவிடுவார். தான் பின்னால் போவார். பேசமாட்டார். அவர்களுடைய பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போவார். எந்தக் கல்லின் முன்னால் ஒரு கால் வைப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்குகிறதோ, அந்தக் கல்லில் சோக்கட்டியால் ஒரு கோடு போடுவார். அடுத்த நாள் நாங்கள் அந்தக் கோடுகள் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். பிறகு வேறு ஒருவரைக் கூட்டிவருவார். ஒரு கோடும் விழாத நாளில்தான் பலகை ஏறும்.

இன்னொன்று, மணல் கூட்டுவது. பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு துண்டு நிலத்துக்கு நல்ல மணல் பரப்பியிருந்தோம். தினமும் காலையில் ஒரு மரக்கிளையால் அதைக் கூட்டிச் சமப்படுத்திவிடுவோம். உள்ளே போனவர்களின் அடியும் வெளியே வந்தவர்களின் அடியும் அதில் விழும். வேலை முடிந்து வரும்போது லெஸ் அந்த மணலைப் பார்ப்பார். போனவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று மணல் சொன்னால்தான் முகாமுக்குப் போவோம். கூட்டுவது பெரும்பாலும் என் வேலை. படித்துப் பாஸ் பண்ணிச் சிட்னிக்கு வந்தது முற்றம் கூட்டத்தானா என்று எனக்கு நானே சிரித்துக்கொள்வேன்.

அந்தப் பெரிய பாறையை ஜெஸ் படத்தில் பார்த்திருக்கிறாள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சமதரையில் தனியாக நிற்கும் சிவப்புக் குன்று அது. மேற்குப் பக்கம் காலையில் நிழல், தரையும் மட்டம். அந்தப் பக்கமாகத்தான் எங்கள் பாதை போனது. குன்றின் வடமேற்கு மூலையில் ஒரு சின்னப் பள்ளத்தாக்கு, கொஞ்சம் மரம், அதோடு பாதை முடிந்தது. ‘வந்த வழியே திரும்புக’ என்று பலகை வைத்திருந்தோம். அதற்கு அப்பால் வடக்குப் பக்கம். இந்த நாட்டில் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். அந்தப் பக்கத்தில் நாள் முழுவதும் வெயில், உடைந்து விழுந்த கற்கள், பாதை இல்லை. அந்தக் குன்றுக்கு உரிய பழங்குடி முதியவர்களும் வடக்கிலும் கிழக்கிலும் பாதை வேண்டாம் என்று லெஸ்ஸிடம் சொல்லியிருந்தார்கள். காரணம் அவர்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அது நவம்பர் மாதம். சுற்றுலாக்காரர் குறைந்து, வெக்கை ஏறுகிற காலம். நாங்கள் விடிந்ததும் வேலை தொடங்கி, சூரியன் உச்சிக்கு வருமுன் நிறுத்திவிடுவோம். அன்று வேறொரு பாதையில் வேலையை முடித்துக்கொண்டு வழக்கம்போல மணலைப் பார்க்க வந்தோம். ஒரு வாடகைக் கார் நின்றது. ஆள் இல்லை. மணலில் இரண்டு பேர் உள்ளே போயிருந்தார்கள். வெளியே ஒருவரும் வரவில்லை.

ஒரு அடி சப்பாத்து. மற்றது வெறுங்கால்.

பலகைத் தூணின் அடியில் ஒரு சோடி பெண்கள் செருப்பு இருந்தது. கழற்றி எறிந்ததுபோல இல்லை, சேர்த்து ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டையான கல்லில் கரிப் பொட்டு. லெஸ்ஸுக்கு முகம் மாறியது. அந்த வறண்ட காட்டில் யாரும் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது. நான் குனிந்து மணந்து பார்த்தேன். கர்ப்பூரம்.

“இவர்கள் என் ஆட்கள், லெஸ்” என்றேன். “சாமி கும்பிட்டிருக்கிறார்கள்.”

“எந்தச் சாமி? இங்கே கோயில் இல்லையே.”

நான் குன்றை நிமிர்ந்து பார்த்தேன். முந்தின நாள் மாலை முகாமில் இருந்து மெல்லிய வளர்பிறையைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஐப்பசி மாதம், வளர்பிறை. கந்தசட்டி விரதத்தின் ஆறாவது நாள். இந்த நாட்டில் அப்போது எங்களுக்கு ஒரு கோயிலும் இல்லை. மலை இருந்தால் அங்கே முருகன் இருப்பான் என்று நம்புகிற ஒரு பெண், சிவந்த குன்று ஒன்றைக் கண்டு, வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். அன்றைக்கு அவள் தண்ணீரும் குடிக்கமாட்டாள்.

லெஸ் பள்ளத்தாக்கிலிருந்து கீழே இறங்குகிற காய்ந்த ஆற்றுப்படுக்கையைக் காட்டினார். வழி தவறுகிறவர்கள் எப்போதும் அதில்தான் இறங்குவார்கள், நாமும் அங்கேதான் தேட வேண்டும் என்றார். அது அவருடைய இத்தனை வருட அனுபவம். சாதாரண ஆட்கள் என்றால் அவர் சொன்னதுதான் சரி.

“இவர்கள் வழி தவறவில்லை” என்றேன். “சுற்றி வருகிறார்கள். கோயிலை வலம் வரத் தொடங்கினால் பாதியில் திரும்பி வந்த வழியே வருவது எங்களிடம் இல்லை. வலக்கைப் பக்கம் குன்றை வைத்துக்கொண்டு முழுதாகச் சுற்றித்தான் வருவார்கள்.”

“நாம் வைத்த பலகையைப் பார்த்துமா?”

“பலகையைப் பார்த்திருப்பார்கள். அதற்காகத் திரும்பமாட்டார்கள்.”

அவர் வண்டியில் இருந்த ரேடியோவில் முகாமுக்குப் பேசி, ஆற்றுப்படுக்கைக்கு வேறு இரண்டு பேரை அனுப்பச் சொன்னார். மருத்துவ விமானம் தேவைப்படலாம் என்றும் சொல்லிவைத்தார். நாங்கள் கிழக்குப் பக்கமாக, அவர்கள் வருகிற திசைக்கு எதிராக ஓட்டினோம். மணல் விடும்வரை வண்டியில் போய், பிறகு இறங்கி நடந்தோம். லெஸ் தன் முழங்காலோடு அந்தக் கற்களின் மேல் எனக்கு முன்னால் போனார்.

வடக்குப் பக்கத்தில் ஒரு பாறை விளிம்பு, அதன் அடியில் ஒரு முழ அகலத்துக்கு நிழல். அதற்குள் அவர்கள் இருந்தார்கள். மனைவி கணவனுடைய மடியில் தலைவைத்துக் கிடந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். உதடு வெடித்திருந்தது, முகத்தில் வியர்வையே இல்லை. பாதங்கள் இரண்டும் கொப்புளம் போட்டு உடைந்திருந்தன. பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர் திறக்கப்படாமல் இருந்தது. இன்னொன்றில் பாதி இருந்தது.

என் முகத்தைக் கண்டதும் அந்த மனிதர் நம்பாதவர்போலப் பார்த்தார்.

“தம்பி, தமிழோ?”

“ஓம் அண்ணை.”

“குடிக்கிறா இல்லை, தம்பி. எவ்வளவு சொல்லியும் பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடக்கிறா. நீங்களெண்டாலும் ஒருக்கால் சொல்லிப் பாருங்கோ.”

அவர் பெயர் தவராசா, மெல்பேர்ணில் பொறியியலாளர். மனைவி புவனேஸ்வரி. கல்யாணம் செய்து பல வருடம், பிள்ளை இல்லை. இவற்றை எல்லாம் நான் பிறகுதான் அறிந்தேன். ஆனால் கந்தசட்டியில் முழுப்பட்டினி கிடக்கிற ஒரு பெண் எதற்காகக் கிடப்பாள் என்று எங்களில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என்னுடைய சொந்த அக்காவும் பிடித்த விரதம்தான் அது.

லெஸ் அந்தப் பெண்ணின் கழுத்தில் கைவைத்துப் பார்த்தார். எழும்பி என் காதோடு சொன்னார்: “வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் இந்தப் பெண் போய்விடுவார். இப்போது குடிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக. இல்லாவிட்டால் நாம் வந்ததில் பயன் இல்லை.” குரலில் பயம் இருந்தது. அவர் பயந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் கற்களில் முழங்காலிட்டேன். “அக்கா, நான் நாதன். இஞ்சதான் வேலை செய்யிறன். ஒரு மிடறு குடியுங்கோ.”

கண்ணைத் திறந்தார். “ஆறு வருசம், தம்பி. ஆறு வருசமும் தவறாமல் பிடிச்சனான். இண்டைக்குக் கடைசி நாள்.” பேச்சு காற்றாகத்தான் வந்தது. “இன்னும் கொஞ்சத் தூரம்தானே. சுத்தி முடிச்சிடுவன்.”

“உயிர் இருந்தால்தானே அக்கா பிள்ளை?”

“அவன் குடுத்தால் குடுக்கட்டும். எடுத்தால் எடுக்கட்டும்.”

எனக்குப் பெரிய பக்தி கிடையாது. சாமி கோபிக்காது, வைத்தியருக்கு விட்டுக்கொடுக்கும் என்று பொதுவாகச் சொல்லக்கூடியதை எல்லாம் அவருடைய கணவர் ஏற்கெனவே சொல்லி முடித்திருப்பார். ஆனால் ஒன்று ஞாபகம் வந்தது. என் அக்கா ஒரு வருடம் கந்தசட்டியன்று காய்ச்சலில் விழுந்தபோது, எங்கள் மாமி மிச்ச விரதத்தைத் தான் ஏற்றுப் மறுநாள் காலை விரதம் முடிக்கும் பாறணைவரை இருந்து முடித்துக்கொடுத்தார். அதில் குறை என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை.

“அக்கா, காலமையிலிருந்து இவ்வளவு நேரமும் நீங்கள் பிடிச்சது உங்கட கணக்கு. மிச்சத்தை நான் பிடிக்கிறன். நாளைக்குக் காலமை பாறணைவரைக்கும் ஒரு சொட்டும் குடியன். நீங்கள் இப்ப குடியுங்கோ.”

அவர் தலையைக் கொஞ்சம் அசைத்தார். “அது சொந்தத்துக்குள்ளதான் செய்யிறது.”

“அக்கா எண்டுதானே கூப்பிட்டனான்.”

“நீங்கள் எவடம்?”

உயிர் ஊசலாடுகிற நேரத்திலும் ஒரு யாழ்ப்பாணத்தவர் கேட்கிற கேள்வி அதுதான். நான் பிறகு எத்தனையோ தரம் அதை நினைத்துச் சிரித்திருக்கிறேன், அந்த நேரம் சிரிப்பு வரவில்லை. “கொக்குவில்” என்றேன்.

“என்ர சின்னம்மா கொக்குவிலிலதான் கலியாணம் முடிச்சவ” என்றார். “நீங்கள் வெயிலுக்குள்ள வேலை செய்யிற ஆள். ஏலுமோ?”

“ஏலும் அக்கா.”

அவர் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, படுத்தபடியே இரண்டு கையையும் கூப்பினார். பிறகு வாயைத் திறந்தார். நான் தண்ணீரைத் துணியில் நனைத்து முதலில் உதட்டில் வைத்தேன், பிறகு மூடியில் ஊற்றிப் பருக்கினேன். தவராசா அண்ணை தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதாரோ, பார்க்க முடியாமல் திருப்பினாரோ, எனக்குத் தெரியாது.

நாங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தோம். விமானத்தில் ஏற்றும்போது கொஞ்சம் தெளிந்திருந்தார். என் கையைப் பிடித்தார். “பாறணை முடிஞ்சாப் பிறகுதான், தம்பி. மறந்திடாதையுங்கோ.” அதோடு கதவைச் சாத்திவிட்டார்கள்.

விமானம் போனதும் லெஸ் தன் தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது, குரல் மட்டும் உயரவில்லை.

“என் கீழே வேலை செய்கிற ஒருவனும் இந்த வெக்கையில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதில்லை. ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தது போதும்.”

“வாக்குக் கொடுத்துவிட்டேன், லெஸ்.”

“அவருக்கு எப்படித் தெரியவரும்?”

“தெரியவராது.”

அவர் விமான ஓடுபாதையின் ஓரத்தில், அந்தச் செம்மண்ணில், அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிழை எங்கே என்று கண்டுபிடிக்கிற வேலை வழக்கமாக என்னுடையது, அன்று அவரேதான் யோசித்தார். கொஞ்ச நேரத்தில் எழும்பிக் காற்சட்டையைத் தட்டினார். “அப்படியானால் நீ நிழலைவிட்டு எழும்பக் கூடாது. எதையும் தூக்கக் கூடாது. தலை சுற்றினால் சொல்ல வேண்டும், சொன்னால் குடிக்க வேண்டும். அந்த நிபந்தனைக்குச் சம்மதமா?” சம்மதம் என்றேன்.

அன்று மிச்ச நேரம் முழுவதும் முகாமில் நான் கூடாரத்து நிழலில் படுத்திருந்தேன். என் வேலையையும் அவரே செய்தார். தாகம் என்பது தொண்டையில் இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது தலைக்குள் போகும், கண்ணுக்குள் போகும். ஆறு வருடம் அந்தப் பெண் இதைச் செய்திருக்கிறார். லெஸ் தேநீர் குடிக்க வண்டிக்குப் பின்னால் போனார். நான் பார்க்கக் கூடாது என்று போகிறார் என்பது எனக்கு விளங்கியது. அதற்காகவே அந்த மனிதரை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

காலையில் சூரியன் கிளம்பியதும் ஒரு தகரக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். “முடிந்ததா?” என்று கேட்டார். “முடிந்தது” என்றேன்.

பிறகு அவர் செய்ததைத்தான் ஜெஸ் கேட்டாள். முதலில் அவர் பழங்குடி முதியவர்களிடம் போய், அந்தப் பக்கம் போக நேர்ந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு பாதையின் முடிவுக்குப் போய், ‘வந்த வழியே திரும்புக’ என்ற பலகையின் முன்னால் உட்கார்ந்தார். எனக்கு இந்தத் தடவை பிழை எது என்று தெரியும். “பாதியில் திரும்பச் சொல்லுகிறோம்” என்றேன். “திரும்ப முடியாத ஆட்களும் வருவார்கள்.”

“பெரியதைச் சுற்றவிட முடியாது” என்றார். “அந்த இடம் நம்முடையது இல்லை. இன்னொருவரைச் சாகவும் விட முடியாது. சுற்ற வேண்டும் என்று வருகிறவர்களுக்குச் சுற்ற ஏதாவது ஒன்று வேண்டும்.” பள்ளத்தாக்கின் வாயில் தனியாக நின்ற ஒரு சின்னப் பாறையைக் காட்டினார். “இது போதுமா?”

போதும் என்றேன். அதே சிவப்பு, அதே கல். எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று கேட்டார். வலக்கைப் பக்கம் பாறை இருக்க என்றேன். அம்புக்குறியை அப்படியே போட்டோம். முகாம் சமையற்காரர் வந்து நடந்தார். அவருடைய கால் தயங்கிய இடத்தில் லெஸ் சோக்கால் கோடு போட்டார். கோடு விழாத நாளில் ‘இலகு’ என்று எழுதினோம்.

தவராசா அண்ணை குடும்பத்தோடு தொடர்பு விட்டுப்போனது. அவர்கள் மெல்பேர்ண், நான் சிட்னி. நான் வேறு வேறு இடங்களில் வேலை பார்த்தேன், கல்யாணம் செய்தேன், இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். மெல்பேர்ணில் ஒரு பிள்ளை வளர்கிறது என்று நானாகவே முடிவுசெய்திருந்தேன். என் மூத்தவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது, அந்தப் பிள்ளை இப்போது எத்தனையாம் வகுப்பு என்று மனதுக்குள் எண்ணியிருக்கிறேன். பக்தி இல்லாதவனுக்கு இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சில வருடங்களுக்கு முன் தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் போனது. மெல்பேர்ணில் வாழ்ந்து, கடைசிக் காலத்தில் சிட்னிக்கு வந்திருந்த தவராசா. புவனேஸ்வரியின் அன்புக் கணவர். பிறகு சகோதரர்கள், மைத்துனர்கள் பெயர்கள் வந்தன. ‘அன்புத் தந்தை’ என்ற சொல் வருமென்று காத்திருந்தேன். அறிவித்தல் முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்குப் போனேன். பெறாமகன் முறையான, சகோதரர் ஒருவரின் மகன்தான் கிரியை செய்தார். தகனம் முடிந்து, சிட்னியிலேயே டூங்கபியில் இருந்த புவனேஸ்வரி அக்காவின் தங்கை வீட்டுக்கு எல்லோரும் வந்தோம். புவனம் அக்கா ஒரு கதிரையில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் குனிந்து பெயரைச் சொன்னேன். என்னைப் பார்த்தார். குரலில்தான் அடையாளம் பிடித்தார் என்று நினைக்கிறேன்.

“கொக்குவில் தம்பி.”

“ஓம் அக்கா.”

பக்கத்தில் இருந்த கதிரையைக் காட்டினார். இருந்தேன். வருகிறவர்கள் வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். ஆட்கள் குறைந்ததும் என் பக்கம் சாய்ந்தார்.

“தம்பி, நான் ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு நீங்கள் பாறணைவரைக்கும் இருந்தனீங்களோ?”

“இருந்தனான் அக்கா. விடிஞ்சாப் பிறகுதான் தண்ணி குடிச்சனான்.”

“எனக்காகச் சொல்லாதையுங்கோ.”

“என்ர பிள்ளையளாணை அக்கா. ஒரு சொட்டும் குடிக்கேல்லை.”

அவர் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். “அப்ப அது முழுசாத்தான் முடிஞ்சது” என்றார். “வெயிலுக்குள்ள வேலை செய்யிற பிள்ளை, எப்பிடி இருந்திருப்பார், என்னைக் குடிக்கவைக்கச் சொன்ன சொல்லுத்தானே எண்டு நினைச்சிட்டன். என்ர வாயாலதான் கெட்டது எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்தனான், தம்பி.”

நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

“அவரும் அப்பிடித்தான் நினைச்சவர்” என்றார். “அண்டைக்கு நான் குடிக்கேக்க முகத்தைத் திருப்பினவர். அதுக்குப் பிறகு ஒருநாளும் அந்தக் கதையை எடுக்கேல்லை. தான்தானே உங்களைக் கேட்டுக் குடிக்க வைச்சது எண்டு அவருக்கு உள்ளுக்க இருந்தது. எனக்குத் தெரியும். நானும் கேக்கேல்லை.”

உள்ளே யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. தங்கை தேநீர் கொண்டுவந்தார், அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார்.

“இதை அவருக்கு ஒருக்கால் சொல்லியிருக்கலாம், தம்பி” என்றார்.

அவரை எரித்துவிட்டு வந்து இரண்டு மணித்தியாலம்கூட ஆகியிருக்கவில்லை.